தமிழ்க் கணித நூலுக்கு எழுத்துரு பொருத்துதல்: ஓர் அச்சுக்கோப்பாளரின் அனுபவம்

தமிழில் கணித நூல் ஒன்றை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சுக்கோக்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தமிழ் எழுத்துருவை வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான். திருவல்லிக்கேணியில் சிறிய அளவில் அச்சுக்கோப்பு வேலை செய்துவரும் நான், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். கணிதக் குறியீடுகளுக்கான எழுத்துருவை முதலில் முடிவு செய்ய வேண்டும்; அதோடு ஒத்துப்போகும் ஆங்கில எழுத்துரு இரண்டாவது; தமிழ் எழுத்துரு மூன்றாவது. தமிழ் நூலில் தமிழுக்கு மூன்றாம் இடமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தேர்வு எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். யூனிகோடில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று ஏராளமாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன. முழுமையான கணித எழுத்துருக்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் அவ்வளவு குறைவு என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். டொனால்ட் குனூத் 1978இல், லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளை வெளியிட்டபோது, அதற்கென்றே கம்ப்யூட்டர் மாடர்ன் என்ற எழுத்துருக் குடும்பத்தையும் தாமே வடிவமைத்தார். உரைக்கும் கணிதத்துக்கும் ஒரே கை வரைந்த எழுத்துகள் என்பதால் அங்கே பொருத்தம் என்ற பிரச்சினையே எழவில்லை. வேறு எழுத்துருவுக்கு மாற நினைத்தபோதுதான் தொல்லை தொடங்கியது. கணித எழுத்துரு என்பது சாய்வெழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் மட்டும் கொண்ட தொகுப்பு அன்று. பின்னக்கோட்டின் தடிமன் எவ்வளவு, அந்தக் கோடும் கழித்தல் குறியும் வரியில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், மேற்குறி எவ்வளவு ஏற வேண்டும், கீழ்க்குறி எந்த விகிதத்தில் சுருங்க வேண்டும், வர்க்கமூலக் குறியும் அடைப்புக்குறியும் எந்தெந்தத் துண்டுகளை ஒட்டி வளர வேண்டும் என்ற அளவுகள் அனைத்தும் எழுத்துருவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவுகளை ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்புக்குள் ஒரு கணித அட்டவணையாக வைக்கும் முறை, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2007உடன் வந்த கேம்ப்ரியா மேத் எழுத்துருவில் நடைமுறைக்கு வந்தது. யூனிகோட்-மேத் என்ற துணை நிரல் தொகுப்பின் வழியாக, லேடெக்கின் யூனிகோட் வடிவங்களான ஸீலேடெக்கும் லுவாலேடெக்கும் இன்று பயன்படுத்துவது அதே அட்டவணையைத்தான். இந்த அட்டவணை இல்லாத எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் கணிதத்துக்கு உதவாது; சாய்வெழுத்து இருக்கிறதே என்று எடுத்து வைத்தால், பின்னமும் மூலக்குறியும் வரும் முதல் பக்கத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் நூல், இயற்பியல் இளங்கலை மாணவர்களுக்காக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியது. கையெழுத்துப்படியின் பெரும்பகுதி பழைய பாமினி எழுத்துருவில் வேர்ட் கோப்பாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றும் நிரலுக்கு எது தமிழ், எது கணிதம் என்று தெரியாது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதால், சமன்பாட்டில் இருந்த எக்ஸ் 'ஒ' ஆகவும், ஒய் 'ல' ஆகவும், இஸட் 'ண' ஆகவும் மாறி வந்தன. மாற்றிய பிறகு திருத்துவது கடலில் பெருங்காயம் கரைப்பது போன்ற வேலை. மாற்றுவதற்கு முன்பே சமன்பாடுகள் ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண் அடையாளத்தை மட்டும் விட்டுவைத்து, உரையை மாற்றி முடித்த பின் சமன்பாடுகளை லேடெக்கில் புதிதாக அடித்துச் செருகுவதே சரியான வழி. பழைய குறியாக்கத்தில் கணிதம் கலந்த பிரதி கையில் வைத்திருப்பவர்கள் எழுத்துருவைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

கணித எழுத்துருவுக்கு வருகிறேன். யூனிகோட்-மேத் தொகுப்பைச் சேர்த்துவிட்டு வேறொன்றும் சொல்லாமல் விட்டால் லத்தீன் மாடர்ன் மேத் வரும். அது கம்ப்யூட்டர் மாடர்னின் வழிவந்தது. மெல்லிய கோடுகள் கொண்டது. ஆங்கில நூலில் அது சரியாகவே இருக்கும். தமிழ்ப் பத்திக்கு நடுவே வைத்தால், பத்தி கருப்பாகவும் சமன்பாடு சாம்பலாகவும் தெரியும். மேசைமேல் இருக்கும் லேசர் அச்சுப்பொறியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை, ஏனென்றால் டோனர் கோடுகளைச் சற்றுத் தடிக்க வைத்துவிடுகிறது. அதே கோப்பிலிருந்து பிளேட் எடுத்து ஆஃப்செட்டில் ஓட்டும்போதுதான், கூட்டல் குறியின் கோடுகளும் பின்னக்கோடும் இளைத்துப்போயிருப்பது கண்ணில் படும். ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்காகவே, சமன்பாடு நிறைந்த ஒரு பக்கத்தை நூல் அச்சாகப்போகும் அதே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில், இராயப்பேட்டையில் எனக்குப் பழக்கமான அச்சகத்தில் வேறொரு வேலையின் ஓரத்தில் சேர்த்து ஓட்டி வாங்கிக்கொண்டேன். தெரிந்த அச்சகத்தில் கேட்டால் இதைச் செய்து தருவார்கள். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு தாளில் கிடைக்கும்.

அந்தத் தாளில் லிபெர்டினஸ், ஸ்டிக்ஸ் டூ, டெக் ஜயர் பகெல்லா ஆகிய மூன்று கணித எழுத்துருக்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருந்தேன். பகெல்லா, ஹெர்மன் ஸாஃப் வடிவமைத்த பலாட்டினோவின் வழி வந்தது, எழுத்துகள் அகலமானவை, நீண்ட சமன்பாடுகள் டெமி அளவுப் பக்கத்துக்குள் அடங்காமல் இரண்டு வரிக்குப் போயின. ஸ்டிக்ஸ், அமெரிக்கக் கணிதக் கழகம் உள்ளிட்ட அறிவியல் பதிப்பாளர்கள் 1995இல் கூட்டாகத் தொடங்கிய முயற்சியில் உருவானது. முதல் பதிப்பு 2010இல்தான் வெளிவந்தது. குறியீடுகளின் எண்ணிக்கையில் அதற்கு நிகராகச் சொல்லத் தக்கவை மிகக் குறைவு, கருமையும் தமிழுக்கு ஈடுகொடுக்கிறது. ஆனால் அது டைம்ஸ் எழுத்துருவின் மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் சாய்வெழுத்தில் ஆங்கில வி எழுத்தும் கிரேக்க நியூ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். பேராசிரியரின் நூலிலோ திசைவேகத்துக்கு வி, அதிர்வெண்ணுக்கு நியூ. ஒளிமின் விளைவு பற்றிய எடுத்துக்காட்டில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. டைம்ஸ் வழிக் கணிதத் தொகுப்பான நியூடிஎக்ஸ்-மேத், இந்தக் குழப்பத்துக்காகவே மாற்று வடிவ வி எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியை வைத்திருக்கிறது என்றால் குறை எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம். நான் லிபெர்டினஸைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு, அதிர்வெண்ணுக்கு எஃப் என்ற எழுத்தையே நூல் முழுவதும் வைத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "தாராளமா மாத்துங்க, பசங்க பரீட்சையில அதையும் 'வி'ன்னுதான் எழுதிட்டு வர்றாங்க" என்றார். எந்தக் குடும்பத்தைத் தேர்ந்தாலும் வி-நியூ, ஏ-ஆல்ஃபா, சின்ன எல்-எண் 1, பெரிய ஓ-எண் 0 ஆகிய இணைகளை அடுத்தடுத்து அடித்து, கீழ்க்குறி அளவிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெரிய அளவில் வேறாகத் தெரிபவை கீழ்க்குறியாகச் சுருங்கும்போது ஒன்றாகிவிடுவது உண்டு.

கணிதம் முடிவானதும் ஆங்கில உரைக்கு எழுத்துரு தேட வேண்டியதில்லை; லிபெர்டினஸ் செரிஃப் அதே குடும்பம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழை எடுத்துக்கொண்டேன். இங்கேதான் உயரப் பொருத்தம் என்ற நுணுக்கமான வேலை வருகிறது. தமிழ் எழுத்துக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. இரண்டையும் ஒரே புள்ளி (பாயின்ட்) அளவில் வைத்தால் 'ப' என்ற எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தோடு போட்டிபோடும் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அருகில் இருக்கும் சின்ன எக்ஸ், அடிக்குறிப்பிலிருந்து தவறி வந்ததுபோலத் தெரியும். மேல்தலை சமமாக இருக்கும் 'ப', 'ட', 'ம' ஆகியவற்றுக்கு நடுவே சின்ன எக்ஸையும் பெரிய எச்சையும் வைத்து அடித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தின் தலை, எக்ஸைவிடச் சற்று உயர்ந்தும் எச்சைவிடத் தெளிவாகத் தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பதே நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். எழுத்துருக்களை அழைக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் இரண்டு எழுத்துருக்களின் சின்ன எழுத்து உயரத்தைத் தானே ஒப்பிட்டுச் சுருக்கும் வசதி ஒன்று உண்டு. தமிழுக்கு அதை நம்பக் கூடாது. அது கணக்கில் எடுப்பது அந்த எழுத்துருவின் ஆங்கில எழுத்து உயரத்தையே. தமிழ் எழுத்தின் உயரத்தை அது பார்ப்பதே இல்லை. ஆகவே அளவைக் கையால்தான் கொடுக்க வேண்டும். எனக்குப் பெரும்பாலான நூல்களில் 0.85க்கும் 0.92க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்கு நிறைவு கிடைக்கிறது.

எழுத்துருவை அழைக்கும் இடத்தில் எழுத்து முறை தமிழ் என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். லுவாலேடெக்காக இருந்தால் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் வழியாக எழுத்துகளைக் கோக்கும்படியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'கொ', 'கே' போன்றவற்றில் கொம்பு தன் இடத்துக்குப் போகாமல் மெய்யெழுத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். இது உடனே கண்ணில் படும் பிழை என்பதால் ஆபத்து குறைவு. ஆபத்தானவை, கண்ணில் படாமல் எதையாவது விழுங்கிவிடும் பிழைகள்.

அத்தகைய ஒன்றைப் பேராசிரியரின் மாணவர் முன்பே தயாரித்துக் கொடுத்திருந்த மாதிரி இயலில் பார்த்தேன். முக்கோணவியல் பக்கத்தில் சைன், காஸ் ஆகிய சார்புப் பெயர்கள் எங்குமே இல்லை. தீட்டாக்கள் மட்டும் வரிசையாக நின்றன. காரணம் இதுதான்: ஃபான்ட்ஸ்பெக்கை மட்டும் சேர்த்து, முதன்மை எழுத்துருவாகத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால், கணிதத்துக்குள் வரும் எண்களையும் சைன், லாக் போன்ற நேரெழுத்துப் பெயர்களையும் அது முதன்மை எழுத்துருவிலிருந்தே எடுக்க முயலும். அந்த மாணவர் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவில் எண்கள் இருந்தன, ஆங்கில எழுத்துகள் இல்லை. ஆகவே எண்கள் வேறொரு சாயலில் வந்தன, பெயர்கள் மறைந்தன. டெக் இதைப் பிழையாகக் கருதி நிற்பதில்லை. குறிப்பிட்ட எழுத்து இல்லை என்று, தன் இயக்கக் குறிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யார் படிப்பார்கள்? டெக் மென்பொருள்கள் மொத்தமாகக் கிடைக்கும் டெக் லைவ் தொகுதியின் 2021ஆம் ஆண்டுப் பதிப்போ பிந்தையதோ வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. விடுபட்ட எழுத்துகளைக் கண்காணிக்கும் டிரேசிங்-லாஸ்ட்-கேரக்டர்ஸ் என்ற அளவை 3 என்று கோப்பின் தொடக்கத்தில் வைத்துவிட்டால், ஓர் எழுத்து இல்லாமல் போனாலும் அதைப் பிழையாகவே அறிவிக்கும். இந்த ஒரு வரியை நான் எல்லாக் கோப்புகளிலும் வைத்திருக்கிறேன். எழுத்துருவைப் பொறுத்தவரை, லிபெர்டினஸ் செரிஃபை முதன்மையாகவும், தமிழ் எழுத்துருவைத் தமிழ் மொழிக்கு உரிய தனிக் குடும்பமாகவும் அறிவித்துவிடுவது நல்லது. பல மொழிகளைக் கையாளும் பாலிகுளோசியா, பேபெல் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் அதற்கு இடமுண்டு.

அடுத்து விழுங்கப்படுவது 'எனில்' என்ற சொல். துண்டு துண்டாக வரையறுக்கப்படும் சார்புகளில் வலப்பக்கம் "எக்ஸ் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது எனில்" என்று நிபந்தனை எழுத வேண்டியிருக்கும். இதைக் கணிதச் சூழலுக்குள் நேராக அடித்தால், கணித எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதால் சொல் காணாமல் போகும். ஒருவேளை இருந்தாலும், கணிதச் சூழலில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் குறியீடாகவே நடத்தப்படுமாகையால் உயிர்மெய்க் குறிகள் மெய்யோடு சேராமல் சிதறும். ஆகவே சமன்பாட்டுக்குள் வரும் தமிழை, கணிதத்துக்கான ஏஎம்எஸ்-மேத் தொகுப்பின் டெக்ஸ்ட் கட்டளைக்குள்தான் வைக்க வேண்டும்; மேற்குறி, கீழ்க்குறி இடங்களில் அளவையும் அது தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் தமிழ்ச் சொற்களைக் கீழ்க்குறியாக வைப்பதையே நான் தவிர்க்கச் சொல்வேன். ஏற்கெனவே சுருக்கிய தமிழ் எழுத்து மேலும் சுருங்கும்போது புள்ளியும் மேல்விலங்கும் மையில் அடைபட்டுவிடும். 'மொத்தம்' என்பதை ஆசிரியர் எழுதியிருப்பார், வாசகர் படிக்க மாட்டார். ஓரெழுத்தை வைத்துவிட்டு, அது எதைக் குறிக்கிறது என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பக்கத்தில் இரண்டு விதமான எண்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரையில் வரும் ஆண்டும் பக்க எண்ணும் தமிழ் எழுத்துருவிலிருந்து வரும். சமன்பாட்டுக்குள் வரும் எண் கணித எழுத்துருவிலிருந்து வரும். வரியின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் சமன்பாட்டு எண், பார்ப்பதற்குக் கணிதத்தின் பகுதிபோல இருந்தாலும் உரை எழுத்துருவில்தான் அச்சாகும். அதனால் சமன்பாட்டின் 2 ஒரு வடிவிலும் அதற்கு எதிரே உள்ள 3.2 வேறொரு வடிவிலும் நிற்கும். கணிதப் பொருள் கொண்ட எண் எதுவாயினும், பத்திக்கு நடுவே "5 மீட்டர்" என்று வந்தாலும்கூட, அதைக் கணிதச் சூழலில் எழுதுவது, சமன்பாட்டு எண்ணுக்கு லிபெர்டினஸைக் குறிப்பிடுவது, ஆண்டையும் பக்க எண்ணையும் தமிழோடு விட்டுவிடுவது என்று நான் பிரித்துக்கொண்டேன். வேறு விதமாகவும் பிரிக்கலாம். முதல் இயலிலேயே முடிவெடுத்து, மெய்ப்புப் பார்ப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தேற்றங்களைச் சாய்வெழுத்தில் அச்சிடுவது லேடெக்கின் இயல்பான வழக்கம். தமிழுக்குச் சாய்வெழுத்து என்ற மரபு இல்லை. செயற்கையாகச் சாய்த்தால் 'ழ'வும் 'ற'வும் கவிழப்போவதுபோல நிற்கும். தேற்றத்தை நேரெழுத்திலேயே விட்டு, அதன் தலைச்சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கினால் பக்கம் தூய்மையாக இருக்கிறது, மாறிகள் மட்டும் சாய்ந்து நிற்பதால் அவை எளிதாகவும் கண்ணில் படுகின்றன. இயல் தலைப்புகளில் சமன்பாடு வைப்பதையும் விட்டுவிடலாம். ஓப்பன்டைப் கணித எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடித்த இணை தனியாக இல்லை; எக்ஸ்ஐடிஎஸ் மேத் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு.

வரி இடைவெளிதான் என் பொறுமையை அதிகம் சோதித்தது. தமிழில் 'ழு', 'ணூ', 'கூ' போன்றவற்றின் வால் நன்றாகக் கீழே இறங்குகிறது. புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறுகின்றன. மேல் வரியில் 'முழு' என்று ஒரு சொல் இருந்து, அதற்கு நேர் கீழே எக்ஸின் வர்க்கம் வந்தால், 'ழு'வின் வால் மேற்குறியான 2ஐ இடிக்கும் அளவுக்கு நெருங்கும். இரண்டு வரிகள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்கும்போது டெக் அவற்றைத் தானாகவே விலக்கிவிடும். பத்தியில் அந்த ஓரிடத்தில் மட்டும் வரிகள் அகன்று, பல் விழுந்த வாய்போலத் தெரிவதற்கு அதுவே காரணம். இதற்கு இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 11 புள்ளி எழுத்துக்கு வரி இடைவெளியை 16 புள்ளியாக்கினேன். பத்திக்குள் வரும் பின்னங்களை அடுக்கி எழுதாமல் சாய்கோட்டுப் பின்னமாக எழுதித் தரும்படி பேராசிரியரைக் கேட்டுக்கொண்டேன். அடுக்கியே தீர வேண்டியவை தனி வரிக்குப் போயின. பக்கங்கள் கூடின, பதிப்பாளர் முணுமுணுத்தார், ஆனால் மெய்ப்பில் கண் தடுக்கும் இடங்கள் பெரிதும் குறைந்தன.

தொகுப்புகளைச் சேர்க்கும் வரிசையில் நினைவில் கொள்ள வேண்டியது அதிகம் இல்லை. ஏஎம்எஸ்-மேத் முதலில், யூனிகோட்-மேத் அதன் பிறகு. பழைய வார்ப்புருவிலிருந்து எடுத்த முகப்பில், அதாவது தொகுப்புகளை அறிவிக்கும் தொடக்கப் பகுதியில், தடித்த கணிதத்துக்கான பிஎம் தொகுப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். யூனிகோட்-மேத்தோடு அது ஒத்துப்போகாது, அந்த வேலைக்கு இதிலேயே தனிக் கட்டளை உண்டு. ஒரு குறியீட்டுத் தொகுதியை மட்டும், எடுத்துக்காட்டாக மெய்யெண் கணத்தைக் குறிக்கும் இரட்டைக்கோட்டு ஆர் போன்றவற்றை, வேறு எழுத்துருவிலிருந்து எடுக்க விரும்பினால், முழுமையான கணித எழுத்துருவை முதலில் அறிவித்துவிட்டு, அந்தத் தொகுதியை அடுத்த வரியில், எந்தக் குறியீடுகளுக்கு மட்டும் என்ற எல்லையைக் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். வரிசை மாறினால் முழு எழுத்துரு தொகுதியை மூடிவிடும்.

கடைசியாக, எழுத்துருவைக் கணினியில் நிறுவிய பெயரால் அழைக்காமல், நூலின் கோப்புறைக்குள் எழுத்துருக் கோப்புகளை வைத்து அந்தக் கோப்பின் பெயரால் அழைப்பதை வலியுறுத்துவேன். நோட்டோ போன்ற எழுத்துருக்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. லினக்ஸ் தானாக நிறுவிய பதிப்பும் இணையத்திலிருந்து இறக்கிய பதிப்பும் ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகளோடு இருக்கலாம்; எழுத்தின் அகலம் சிறிது மாறினாலும் வரி முறிவு மாறி, பக்க எண்கள் நகர்ந்து, பொருளடைவு முழுவதும் பொய்யாகிவிடும். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், பிடிஎஃப்-ஃபான்ட்ஸ் என்ற சிறு கருவியால் கோப்பைச் சோதித்து, எல்லா எழுத்துருக்களும் உட்பொதிந்திருக்கின்றனவா, எதிர்பாராத பெயர் ஏதேனும் பட்டியலில் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேராசிரியரின் நூலில் லத்தீன் மாடர்ன் ஒரே ஒரு பக்கத்துக்காகப் பட்டியலில் இருந்தது. வேறொரு கோப்பிலிருந்து படமாகச் செருகப்பட்ட வரைபடம் ஒன்றில், அச்சுகளின் (ஆக்ஸிஸ்) பெயர்கள் அந்த எழுத்துருவில் இருந்தன; வரைபடத்தை நூலின் முகப்பைக் கொண்டே மீண்டும் உருவாக்கியதும் பட்டியலில் லிபெர்டினஸும் நோட்டோவும் மட்டும் மிஞ்சின, கோப்பை இராயப்பேட்டைக்கு அனுப்பினேன்.